தலை வேறு, பிடி வேறு

முள்ளியவளைச் சந்தியில்
நவரத்தினராசாவின் ஹார்ட்வெயார்.
வாசலில் சணலில் தொங்குகின்றன ஏழு கோடாலிகள்:
சிவப்புப் பூசியவை, நீலம் பூசியவை,
பிடிக்கு ரப்பர் சட்டை போட்டது ஒன்று.

"வீட்டுக்காரரைக் கூட்டி வந்திருக்கலாமே."
விறகு கொத்துவது நான்.
"அப்ப பாரம் குறைஞ்சதாப் பாருங்கோ."

பாரம் குறைந்ததை ஒருமுறை வாங்கினேன்.
ஒவ்வொரு கொத்துக்கும்
மிச்சப் பாரத்தை என் தோள்மூட்டு போட்டது.
ஒன்றரைக் கிலோ என்றால்
நான் தூக்கிக் கொடுத்தால் போதும்,
இறங்குவதை அது பார்த்துக்கொள்ளும்.

பூச்சை நான் நம்புவதில்லை.
சைக்கிள் சாவியால் ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
முதலாவது, நனைந்த சுவர்.
இரண்டாவதும் சுவர்தான்.
நாலாவது
பள்ளிக்கூட மணியின் வால் போல
இழுத்து, இழுத்து, ஓய்ந்தது.
உள்ளே சீமெந்துப் பை எண்ணிக்கொண்டிருந்த பொடியன்
எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

கைப்பையிலிருந்து அரம் எடுத்தேன்.
வாயில் ஒரே ஒரு இழுவை.
அரம் வழுக்கினால் அந்த உருக்கு ஒருநாள் தெறிக்கும்.
மாவைப்போல் தின்னக் கொடுத்தால் அது உருக்கே இல்லை.
கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடிக்க வேணும்.
நாலாவது யோசித்தது.

பிறகு ஒற்றைக் கண்ணை மூடி
வாயும், பிடி நுழையும் துளையும்
ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தேன்.
"துவக்குப் பிடிக்கிறமாதிரி எல்லோ பாக்கிறியள்."
சொன்னவர்
கல்குலேட்டரைத் தேடத் தொடங்கினார்.
அது அவர் கைக்குக் கீழேயே கிடந்தது.

தறிக்க மெலிந்த கன்னம் வேண்டும்,
பிளக்கத் தடித்த கன்னம்.
இரண்டுக்கும் இது ஒன்றே போதும் என்கிறது
ஒட்டியிருக்கும் தாள்.
எழுதிய ஆள் வீரைமரத்தைக் கண்டிருக்க மாட்டார்.

எனக்குத் தறிக்க ஒன்றுமில்லை.
போன மாரியில் யானை தள்ளிவிட்டுப்போன வீரை
வளவின் பின்னால் கிடக்கிறது.
பேக்கரி யோகநாயகத்துக்குக்
கிழமைக்கு ஒரு லான்ட்மாஸ்டர் விறகு.
அதனால் தடித்த கன்னம்.
அதனால் நாலாவது.

இனித்தான் நான் வந்த கேள்வி.
முடிச்சு அவிழ்த்து, கல்லாமேசையில் வைத்தேன்:
பெருவிரல் நகமளவு, ஓரம் கிழிந்த இரும்பு.
வீரையின் வயிற்றுக்குள் இருந்தது.
மரம் அதைச் சுற்றி வளர்ந்து
தோல் மூடி, வரிகூடப் போட்டிருந்தது.
பழைய கோடாலியின் வாயில்
இப்போது ஒரு பிறை.
இதே காரணத்துக்காகத்தான் மில்காரர்
எங்கள் பக்கத்து மரத்தை இறக்கவே விடுவதில்லை.

"இன்னும் இருக்கோ உள்ளுக்கை?"
கொத்தினால்தானே தெரியும்.

அவர் அதைத் திருப்பினார்.
விளக்கடியில் பிடித்தார்.
பொடியனும் வந்து பார்த்தான், அவனுக்குப் பதினாறு இருக்கும்,
"என்ன இது, போல்ட்டோ?" என்றான்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"இதுக்கு வாறன்ரி இல்லைத் தங்கச்சி."
தெரியும்.
தெறித்த வாயை எவராலும் ஒட்ட முடியாது,
மடங்கிய வாயை
ஒரு பின்னேரமும் ஒரு அரமும் திருப்பித் தரும்.
நாலாவதையே கட்டச் சொன்னேன்.

பிடி தனியாக.
கடையின் மினுக்கிய பிடியில் ரேகை குறுக்கே ஓடியது,
மூன்றாம் நாள் கையோடு வந்துவிடும்.
மூலையில் விடத்தல் தடிகள் ஒரு கட்டு.
எட்டு உருவி, ஒன்பதாவதை எடுத்தேன்:
தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை
ரேகை இறங்கவில்லை, விலகவில்லை.

பஸ்சில் கொண்டக்டர் மறித்தான்.
"அக்கா, கோடாலியோட ஏறேலாது."
கோடாலி எங்கே தம்பி?
இது இரும்பு. இது தடி.
அவன் இரண்டையும் பார்த்தான்,
என்னையும்,
பின்னால் நெருக்கும் சனத்தையும்.
இரும்பை வாங்கி ட்ரைவரின் காலடியில் வைத்தான்.

தடியை மடியில் கிடத்திக்கொண்டு
ஒட்டுசுட்டான் வரைக்கும் வந்தேன்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
முன்னால், ஆர் காலிலும் படாமல்,
அது ஒருமுறை மணியடித்தது.